வாழ்த்து கார்டைக் கையால் செய்வது எப்படி: தாளிலிருந்து உறை வரை முழு வழிகாட்டி

கார்டு செய்ய உட்கார்ந்ததும் நான் முதலில் எடுப்பது பேனாவைத்தான். உள்ளே என்ன எழுதப் போகிறேன் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பார்த்த பிறகுதான் மற்ற வேலை. இரண்டு வரி போதுமா, ஒரு பக்கம் வேண்டுமா? பிறந்தநாளா, கல்யாணமா, வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறாரா, உடம்பு முடியாமல் படுத்திருக்கிறாரா? கார்டின் அளவு, நிறம், அலங்காரம் எல்லாம் அந்த வரிகளைப் பார்த்துத்தான் முடிவாகும்.

பலரும் அலங்காரத்தில் ஆரம்பிக்கிறார்கள். பூ, ரிப்பன், மினுமினுப்பு எல்லாம் ஒட்டி முடித்த பிறகு எழுத இடம் தேடி, ஒரு மூலையில் "அன்புடன்" என்று மட்டும் போட்டு முடித்துவிடுகிறார்கள். கார்டு கைக்கு வந்ததும் படம் கண்ணில் படும், உண்மைதான். ஆனால் பல வருடம் கழித்து அதை மறுபடி எடுத்துப் பிரிப்பது உள்ளே இருக்கும் எழுத்துக்காகத்தான். அதனால் இந்த வழிகாட்டியில் எழுதும் வேலை அலங்காரத்துக்கு முன்னால் வருகிறது. அதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு, பிறகு சொல்கிறேன்.

என்னென்ன வேண்டும்

30 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல், கூர்மையான கட்டர், அடியில் வைக்க ஒரு கட்டிங் மேட் அல்லது தடித்த அட்டை, சிறிய கத்தரிக்கோல், பென்சில், ரப்பர், மை தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனா ஒன்று, ஒரு ஸ்பூன். ஒட்டுவதற்கு க்ளூ ஸ்டிக், வெள்ளைப் பசை, டபுள் சைடு டேப். பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து கட்டர் ஓட்டாதீர்கள். கத்தி ஸ்கேலின் விளிம்பைச் செதுக்கிவிடும், அப்புறம் அந்த ஸ்கேலில் நேர்கோடே வராது. கட்டரின் முனை மழுங்கினால் உடனே ஒரு துண்டை உடைத்து எறிந்துவிட்டுப் புது முனைக்கு வாருங்கள். தாள் கிழிசலாக வெட்டுப்படுவதற்குப் பெரும்பாலும் மழுங்கிய கத்திதான் காரணம். குழந்தைகளோடு சேர்ந்து செய்தால் கட்டர் வேலை முழுவதையும் பெரியவர்கள் முன்கூட்டியே முடித்து வைத்துவிடுங்கள்.

தாளைத் தேர்ந்தெடுப்பது

தாளின் கனத்தை ஜி.எஸ்.எம். என்று சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பதுதான் அது. ஜெராக்ஸ் எடுக்கும் தாள் 70 முதல் 80 ஜி.எஸ்.எம். அதை மடித்து நிறுத்தினால் துவண்டு விழும். கார்டின் உடலுக்கு 250 முதல் 300 வரை நன்றாக நிற்கும். மேலே ஒட்டும் அலங்காரத் தாள்கள் 100 முதல் 160 வரை இருந்தால் போதும். உள்ளே எழுதுவதற்கான தாள் 80 முதல் 100. எல்லாவற்றுக்கும் ஒரே கனமான தாளை எடுத்தால் கார்டு மூடாமல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். சில வண்ணத் தாள்களில் நிறம் மேற்பரப்பில் மட்டும்தான் இருக்கும், நடுவே வெள்ளை. ஒரு மூலையைச் சற்றுக் கிழித்தால் தெரிந்துவிடும். இந்த வகையை மடித்தால் மடிப்பு நெடுக வெள்ளைக் கீறல் விழும். பணி ஓய்வு பெறும் ஒருவருக்காகக் கறுப்பு நிறத்தில் ஒரு கார்டு செய்தேன். மறுநாள் கொடுக்க வேண்டும். எல்லாம் ஒட்டி முடித்து மூடிப் பார்த்தால், முதுகு முழுக்க உப்பு தூவியது போல வெள்ளை வெடிப்பு. ராத்திரியோடு ராத்திரியாக இன்னொன்று செய்தேன். அன்றிலிருந்து மூலையைக் கிழித்துப் பார்க்காமல் அடர் நிறத் தாள் வாங்குவதில்லை.

அடுத்தது இழையோட்டம். கார்டு செய்கிற பலருக்கும் இது தெரிவதில்லை, ஆனால் மடிப்பு அழகாக விழுவதும் விழாததும் இதைப் பொறுத்ததுதான். இயந்திரத்தில் தாள் உருவாகும்போது கூழிலுள்ள நார்கள் இயந்திரம் ஓடும் திசையிலேயே பெரும்பாலும் படுத்துக்கொள்கின்றன. அந்தத் திசைக்கு இணையாக மடித்தால் தாள் இணங்கி மடியும். குறுக்கே மடித்தால் நார்கள் முறிந்து மடிப்பு சொரசொரவென்று ஆகும். கண்டுபிடிப்பது சுலபம். தாளை மடிக்காமல் இரண்டு ஓரங்களையும் சேர்த்து வளைத்து உள்ளங்கையால் மெதுவாக அழுத்துங்கள். பிறகு திருப்பி, அடுத்த இரு ஓரங்களைச் சேர்த்து அழுத்துங்கள். எந்தப் பக்கம் குறைவாக எதிர்க்கிறதோ அந்த வளைவின் போக்கில்தான் இழை ஓடுகிறது. மடிப்பும் அந்தப் போக்கிலேயே இருக்கட்டும்.

கையால் செய்த தாளுக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை, அதில் நார்கள் நாலா பக்கமும் கலந்து கிடக்கும். அதன் அழகு வேறு: ஓரம் நேராக இல்லாமல் பிசிறாக இருக்கும், உள்ளே இதழோ நாரோ தெரியும். ஆனால் சிலவற்றில் மை ஊறிப் பரவும். அதனால் கார்டின் உடலுக்கு அதைப் பயன்படுத்தி, எழுதுவதற்கு வழவழப்பான தாளை உள்ளே ஒட்டிக்கொள்ளுங்கள். கையால் செய்த தாளைத் துண்டாக்கக் கத்தி வேண்டாம். ஸ்கேலை வைத்து, நனைத்த தூரிகையால் ஓரமாக ஒரு கோடு போடுங்கள். தண்ணீர் ஊற அரை நிமிடம் விட்டு, ஸ்கேலை அழுத்திப் பிடித்தபடி மெதுவாக இழுத்தால் நார் நாராகப் பிரிந்து பஞ்சு போன்ற ஓரம் கிடைக்கும். காய்ந்த பிறகு அந்த ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள், கத்தியால் இப்படி ஓர் ஓரம் வரவே வராது.

அளவும் வெட்டும்

ஏ4 தாள் 210 மி.மீ. அகலம், 297 மி.மீ. நீளம். நீளத்தைப் பாதியாக வெட்டினால் இரண்டு ஏ5 துண்டுகள் வரும். ஒவ்வொன்றையும் 210 மி.மீ. பக்கத்தின் நடுவில், அதாவது 105-இல் மடித்தால் ஏ6 கார்டு. ஒரு தாளில் இரண்டு கார்டு, வீணாகும் துண்டு எதுவும் இல்லை. ஏ வரிசைத் தாள்களின் அகலமும் நீளமும் ஒன்றுக்கு ரூட் இரண்டு என்ற விகிதத்தில் இருப்பதால் எத்தனை முறை பாதியாக்கினாலும் வடிவம் மாறாது. 1922-இல் ஜெர்மனியில் தரப்படுத்திய இந்த ஏற்பாடு கார்டு செய்பவர்களுக்கு இன்றும் பெரிய உதவி. இன்னொரு வசதியும் உண்டு. ஏ4 தாள்களில் இழை பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். மேலே சொன்னபடி வெட்டி மடித்தால் மடிப்பும் இழையும் தானாகவே ஒரே திசையில் அமைந்துவிடும்.

வெட்டும்போது ஒரே இழுப்பில் தாளைத் துண்டாக்கப் பார்க்காதீர்கள். லேசாக மூன்று முறை ஓட்டினால் போதும். முதல் ஓட்டம் பாதை போடும், மற்ற இரண்டும் வெட்டும்.

மடிப்பு

கையால் செய்த கார்டைப் பார்த்ததும் "அட, கடையில் வாங்கியது போல இருக்கிறதே" என்று தோன்றினால், அதற்குக் காரணம் பெரும்பாலும் மடிப்புதான். தடித்த தாளை நேரடியாக மடித்தால் கோணும், வெடிக்கும். முதலில் ஒரு பள்ளக்கோடு போட வேண்டும்.

தாளின் வெளிப்பக்கம் மேலே தெரியும்படி வையுங்கள். மேலும் கீழும் 105 மி.மீ. இடத்தில் பென்சிலால் சிறு புள்ளி. அடியில் நாலைந்து பழைய தாள்களை மெத்தை போல வைத்துக்கொள்ளுங்கள், கெட்டியான மேசையில் பள்ளம் விழாது. இரு புள்ளிகளையும் சேர்த்து ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பேனாவால் அழுத்தி இரண்டு முறை இழுங்கள். திருப்பிப் பார்த்தால் மறுபக்கத்தில் மெல்லிய வரம்பு ஒன்று எழும்பியிருக்கும். அந்த வரம்பு உள்ளே வரும்படி மடிக்க வேண்டும், பள்ளம் வெளியே இருக்க வேண்டும். பார்த்தால் தலைகீழாகத் தோன்றும். ஆனால் மடிப்பின் வெளிப்புறத்தில்தான் தாள் அதிகம் இழுபடுகிறது. பள்ளம் அங்கே இருந்தால் இழுவை குறைந்து தாள் வெடிக்காமல் வளையும்.

விரலால் மூலைகளைச் சேர்த்துப் பிடித்து, ஸ்பூனின் பின்புறத்தால் மடிப்பின் நடுவிலிருந்து இரு முனைகளுக்கும் தேயுங்கள். அடர் நிறத் தாளாக இருந்தால் மேலே ஒரு மெல்லிய தாளை வைத்துத் தேயுங்கள், இல்லாவிட்டால் ஸ்பூன் போன தடம் பளபளவென்று தெரியும். மூடிய பிறகு ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் கட்டரால் சீவிவிடுங்கள்.

இப்போது எழுதுங்கள்

அலங்காரத்துக்கு முன்பே எழுதச் சொன்னதற்குக் காரணம் இதுதான். முன்பக்கத்தில் பூவும் அடுக்குகளும் ஒட்டிவிட்டால் கார்டு மேசையில் தட்டையாகப் படாது. அதன்மேல் எழுதினால் கை ஏறி இறங்கும். கடைசியில் பெயரில் ஓர் எழுத்து தப்பினால் முழு வேலையும் போச்சு.

200க்கு 138 மி.மீ. அளவில் ஒரு மெல்லிய தாளை வெட்டி நடுவில் மடியுங்கள். அதுதான் உள்தாள். 8 மி.மீ. இடைவெளியில் மிக லேசான பென்சில் கோடுகள் போட்டுக்கொள்ளுங்கள். தமிழில் எழுதும்போது மேல்விலங்கும் (‘கி’ போல) கீழ்விலங்கும் (‘மு’ போல) வருவதால் இதைவிட நெருக்கமாகப் போட்டால் வரிகள் ஒன்றோடொன்று இடிக்கும். துண்டுத்தாளில் எழுதிய வரிகளை இதில் அதே அளவு எழுத்தில் எழுதுங்கள். மை காயப் பத்து நிமிடமாவது விட்டு, அப்புறம் ரப்பரால் கோடுகளை அழியுங்கள். ஜெல் பேனாவுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுங்கள். தப்பு வந்தால் ஓர் உள்தாள்தான் நஷ்டம்.

என்ன எழுதுவது என்று தெரியாமல் தவித்தால், அவரோடு நடந்த ஒரே ஒரு சம்பவத்தை எழுதுங்கள். "நீங்கள் நலமுடன் வாழ வேண்டும்" என்பதை யாரும் யாருக்கும் எழுதலாம். "மழையில் நனைந்த என் நோட்டுகளை ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து மின்விசிறிக்குக் கீழே காயவைத்தீர்களே" என்பதை நீங்கள் மட்டும்தான் எழுத முடியும்.

உள்தாளை ஒட்டும்போது முழுதும் பசை தடவாதீர்கள். மடிப்பை ஒட்டி, பின்பாதியில் மட்டும் ஒரு மெல்லிய கோடு போதும். புத்தகத்தின் பக்கம் போல அது தன்போக்கில் புரளும், கார்டும் சுருங்காது.

முன்பக்கம்

அடுக்கு முறையைத்தான் நான் எப்போதும் முதலில் சொல்லித் தருவேன். கார்டின் முகப்பு 105க்கு 148 மி.மீ. அதன்மேல் எல்லாப் பக்கமும் 5 மி.மீ. குறைத்து, 95க்கு 138 அளவில் வேறு நிறத் தாள். அதற்கும் மேலே இன்னும் 3 மி.மீ. குறைத்து மூன்றாவது தாள். இரண்டு ஓரங்கள் சட்டம் போட்டது போலத் தெரியும். வேறு எதுவும் ஒட்டாமல் நடுவில் ஒரு பெயரை மட்டும் எழுதினாலே கார்டு முழுமையாக இருக்கும். நிறம் மூன்றைத் தாண்ட வேண்டாம் என்பது என் அனுபவம். ஒன்று வெளிர், ஒன்று அடர், ஒன்று கண்ணில் படும்படி துளியளவு.

முக்கியமான உருவம் ஒன்றே ஒன்று இருக்கட்டும். அதை நட்டநடுவில் வைக்காமல் சற்று மேலே வைத்துப் பாருங்கள். ஒட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் பசையில்லாமல் அடுக்கி, கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் பார்க்கும்போது கூட்டமும் கோணலும் சட்டென்று தெரியும், கலைத்த பிறகு பழையபடி அடுக்கவும் உதவும்.

காகித ரோஜா செய்ய 8 செ.மீ. விட்டமுள்ள ஒரு வட்டம் போதும், 100 முதல் 120 ஜி.எஸ்.எம். தாளில். வெளி ஓரத்திலிருந்து 1 செ.மீ. அகலத்தில் சுருள் சுருளாக உள்நோக்கி வெட்டிக்கொண்டே போங்கள், நடுவில் சிறு வட்டம் மிஞ்சட்டும். ஓரத்தைச் சற்று அலையலையாக வெட்டினால் இதழ் போலவே வரும். இப்போது வெளிமுனையிலிருந்து இறுக்கமாகச் சுற்றிக்கொண்டே வாருங்கள். முழுதும் சுற்றியதும் விரலை லேசாகத் தளர்த்துங்கள். சுருள் மூச்சு விடுவது போல விரியும், வேண்டிய அளவு விரிந்ததும் நடுவில் மிஞ்சிய வட்டத்தில் வெள்ளைப் பசை ஒரு சொட்டு வைத்து அதன்மேல் அழுத்திப் பிடியுங்கள். முப்பது எண்ணும்வரை கையை எடுக்க வேண்டாம். இந்தப் பூ ஏறக்குறைய 1 செ.மீ. உயரம் வரும், அதனால் சாதாரண உறைக்குள் நசுங்கும். நேரில் கொடுக்கும் கார்டுக்கு மட்டும் வையுங்கள்.

நிஜப் பூக்களை ஒட்டுவதானால் மெல்லிய இதழ்களாகப் பார்த்து, உறிஞ்சும் தாள்களுக்கு நடுவே வைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் இரண்டு மூன்று வாரம் விடுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் கார்டில் பழுப்புக் கறை இறங்கும். வாட்டர்கலர் தீட்டுவதென்றால் 300 ஜி.எஸ்.எம். வாட்டர்கலர் தாளில் தனியே தீட்டி, காய்ந்தபின் வெட்டி ஒட்டுங்கள்.

பசை விஷயம். மெல்லிய தாளுக்கு க்ளூ ஸ்டிக். பெரிய அடுக்குகளுக்கு டபுள் சைடு டேப், ஏனென்றால் அதில் ஈரமில்லை, தாள் நெளியாது. வெள்ளைப் பசையைப் பூ, மணி போன்ற சிறு பொருள்களுக்குச் சொட்டாக மட்டும் வையுங்கள். உருவம் எழும்பித் தெரிய வேண்டுமென்றால் ஃபோம் டேப், அதாவது இரு பக்கமும் ஒட்டும் தடித்த பஞ்சு டேப். ஒட்டி முடித்த தட்டையான கார்டை ஒரு வெள்ளைத்தாள் மூடி, புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வைத்தால் காலையில் விறைப்பாக வரும்.

இரங்கல் கார்டு செய்யும்போது இவற்றில் பெரும்பாலானவற்றை ஒதுக்கிவிடுங்கள். வெளிர் நிறத் தாள், நேரான மடிப்பு, ஒரு இலையோ ஒரு கோடோ போதும். மினுமினுப்பும் எழும்பும் உருவமும் அங்கே உறுத்தும். உள்ளே எழுதும் நாலு வரிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள், இறந்தவரின் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள்.

திறந்தால் எழுந்து நிற்கும் கார்டு

குழந்தைகளுக்கு இதைவிட மகிழ்ச்சி தரும் கார்டு கிடையாது, பெரியவர்களும் திறந்து திறந்து மூடுவார்கள். கணக்கு சரியாக இருந்தால் செய்வது எளிது.

1. 160 முதல் 200 ஜி.எஸ்.எம். தாளில் 200க்கு 138 மி.மீ. துண்டு வெட்டி நடுவில் மடியுங்கள். ஒவ்வொரு பாதியும் 100 மி.மீ. வரும்.
2. மடித்தபடியே, மடிப்பு ஓரத்திலிருந்து உள்நோக்கி 25 மி.மீ. நீளத்துக்கு இரண்டு இணை வெட்டுகள் போடுங்கள், இடைவெளி 20 மி.மீ.
3. வெட்டுகள் முடியும் இடத்தில் ஸ்கேல் வைத்துப் பள்ளக்கோடு இழுத்து, அந்தப் பட்டையை முன்னும் பின்னும் ஒருமுறை மடித்துப் பழக்குங்கள்.
4. தாளைத் திறந்து, பட்டையை உள்பக்கமாகத் தள்ளி, மறுபடி மூடி அழுத்துங்கள். செங்கோணத்தில் திறந்தால் ஒரு சிறு படிக்கட்டு எழுந்து நிற்கும்.
5. மடிப்பு குறுக்காக இருக்கும்படி கார்டைப் பிடித்து, படியின் முன்முகத்தில் கேக், பட்டாம்பூச்சி, பெயர் என்று எதை வேண்டுமானாலும் ஒட்டுங்கள்.
6. வெளிக்கார்டின் மடிப்போடு இதன் மடிப்பைப் பொருத்தி, ஒரு பாதியை ஒட்டிக் காயவிட்டு அடுத்த பாதியை ஒட்டுங்கள். படிக்குப் பின்னால் மட்டும் பசை படக் கூடாது. பட்டால் அது எழவே எழாது.

உருவம் எவ்வளவு உயரம் இருக்கலாம்? மூடும்போது படியின் முன்முகம் முன்னோக்கிப் படுத்துக்கொள்கிறது. அதாவது மடிப்பிலிருந்து 25 மி.மீ. தள்ளித்தான் உருவம் ஆரம்பிக்கிறது. பாதியின் ஆழம் 100, ஆகவே மிச்சம் 75. அதில் 5 மி.மீ. பாதுகாப்புக்கு விட்டால் 70 மி.மீ. உயரம் வரை தாராளமாக வைக்கலாம். அதற்கு மேல் போனால் மூடிய கார்டின் விளிம்பில் உருவத்தின் தலை எட்டிப் பார்க்கும், ரகசியம் வெளியாகிவிடும். இரண்டு மூன்று படிகள் வேண்டுமானால் வெவ்வேறு நீளத்தில் வெட்டுங்கள், ஒவ்வொன்றுக்கும் இதே கழித்தல் கணக்குதான். படியின் நீளம் எப்போதும் பாதி ஆழத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இந்தக் கார்டில் எழுத்தை, படிக்கு முன்னால் தரை போல விரியும் பக்கத்தில், வெட்டுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள்.

கல்யாண அழைப்பு போல நிறையச் செய்வதானால் முதலில் ஒரே ஒரு கார்டை முழுதும் முடித்து, எவ்வளவு நேரம் ஆனது என்று பாருங்கள். முப்பது நிமிடம் ஆனால் ஐம்பது கார்டுக்கு இருபத்தைந்து மணி நேரம். அதைப் பார்த்த பிறகு பல அலங்காரங்கள் தேவையில்லை என்று தோன்றும். பிறகு எல்லாவற்றையும் வெட்டி, எல்லாவற்றையும் மடித்து, கட்டம் கட்டமாகப் போனால் கை பழகி வேகம் வரும்.

உறை

ஏ6 கார்டுக்குக் கடையில் சி6 உறை கேளுங்கள், 114க்கு 162 மி.மீ. இருக்கும். வீட்டிலேயே செய்வதும் சுலபம். 100 முதல் 120 ஜி.எஸ்.எம். ஏ4 தாளில் 20 செ.மீ. சதுரம் ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். அதை வைரம் போல, ஒரு மூலை உங்களை நோக்கி இருக்கும்படி வைத்து, நட்டநடுவில் கார்டைக் கிடைமட்டமாக வையுங்கள். கார்டைச் சுற்றி 3 மி.மீ. விட்டு ஒரு செவ்வகம் வரைந்து, அந்த நான்கு கோடுகளிலும் பள்ளம் இழுங்கள். கோடுகள் சந்திக்கும் நான்கு இடங்களிலும் ஓரத்திலிருந்து ஒரு சிறு முக்கோணத்தை வெட்டி எடுத்துவிட்டால் மடிப்புகள் ஒன்றோடொன்று முட்டாது. இடது, வலது மூலைகளை உள்ளே மடித்து, கீழ் மூலையை மேலே மடித்து அதன் இரு ஓரங்களிலும் மட்டும் மெல்லிதாகப் பசை. மேல்மூலை மூடி.

பசை உறைக்குள் வழிந்தால் கார்டும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும், அதனால் காயும்வரை உள்ளே ஒரு துண்டுத்தாளை வைத்திருங்கள். தபாலில் அனுப்புவதானால் முன்பக்கத்தில் எழும்பியிருக்கும் பகுதிக்கு மேல் ஒரு மெல்லிய அட்டையை வைத்து உறையை மூடுங்கள். முகவரியை உறை காலியாக இருக்கும்போதே எழுதிவிடுங்கள். கார்டு உள்ளே போன பிறகு எழுதினால், பேனா அழுத்தம் முகப்பில் நீங்கள் ஒட்டிய பூவின்மேல் அப்படியே பதிந்துவிடும்.